‘இறங்கலாம்’ என்ற இடத்தில் முடிந்த வரி

தோல் பதனிடும் ஷாப்புகளில் புதிதாக ரைட்டர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டத்துக்கு வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். பத்துப் பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதி அனுப்புகிறேன். உங்களில் நல்ல குரல் உள்ளவர் யாராவது வாசியுங்கள்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. கண்ணில் புரை விழுந்ததால் ஐம்பது வயதாகும் முன்பே வேலையை விட்டவன். பேரேடு எழுதுவது, ரயில்வே ரசீதை அடுக்கி வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரு வாக்கியத்தை எங்கே முடிப்பது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை நான் தவறான இடத்தில் முடியவிட்டதால் ஒரு மனிதன் குழியில் விழுந்தான். இன்னொரு மனிதனுக்கு வேலை போக இருந்தது. இன்றைக்கும் எவராவது ஒரு காகிதத்தைக் கொடுத்தால் முதலில் முற்றுப்புள்ளி எங்கே இருக்கிறது என்றுதான் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடுகிறேன். அது கண்ணில் படும்வரை என்னால் ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை.

ஷாப்புக்கு வருவதற்கு முன் ஆம்பூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு பக்கப் பத்திரத்தை அவர் ஒரே வாக்கியமாக எழுதுவார். “புள்ளி வெச்சா எடம் உழும். எடம் உழுந்தா எவனாச்சும் நடுவுல ஒரு வார்த்தைய நொழச்சிடுவான்” என்பார். பத்திரத்துக்கு அது பொருந்தும். அதை வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வேண்டுமானால் மூன்று தடவை படிப்பார். நான் அந்தப் பழக்கத்தை அப்படியே ஷாப்புக்குத் தூக்கி வந்தேன். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வாயால் பேசத் தெரியாத எனக்கு எழுத்தில் நீளமாகப் போவதில் ஒரு பெருமை இருந்தது. மேனேஜர் ஒருமுறை என் கடிதத்தைப் பார்த்து, “வக்கீல் வீட்டு நடையா இருக்கே” என்றார். அதற்குப் பிறகு என் வாக்கியங்கள் இன்னும் நீண்டன.

எங்கள் ஷாப்பின் பின்புறத்தில் ஒரு பெரிய கழிவுக் குழி இருந்தது. சுண்ணாம்புத் தண்ணீரும் தோல் ஊறவைத்த பழைய பட்டைத் தண்ணீரும் அதில் வந்து சேரும். மேலே பலகை போட்டு மூடியிருக்கும். மாதத்துக்கு ஒரு திங்கட்கிழமை நீரை இறைத்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை அள்ள வேண்டும். அதற்குள் கெட்ட காற்று நிற்கும் என்பதால் காதர் மேஸ்திரி வந்து கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார். விளக்கு அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். ஆனால் மேஸ்திரிக்குப் பத்து வேலை. அவர் வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். குழி வேலை முடித்தவர்கள் அன்று அதோடு வீட்டுக்குப் போகலாம் என்பதால் ஆட்கள் குழியைச் சுற்றிப் பரபரவென்று நிற்பார்கள். இரண்டொரு முறை மேஸ்திரிக்குக் காத்திராமல் இறங்கப் பார்த்தார்கள். அதைத் தடுக்க ஒரு நோட்டீஸ் எழுதும்படி மேனேஜர் சொன்னார்.

நான் எழுதியது இது. ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

‘இதனால் சகலமான தொழிலாளர்களுக்கும் அறிவிப்பதாவது, குழி துப்புரவு செய்யும் திங்கட்கிழமைகளில் மேஸ்திரி வந்து விளக்கு இறக்கிப் பார்க்கும் வரையில் காத்திராமல், பலகை எடுத்தாகிவிட்டபடியால் குழியில் இறங்கலாம் என்று தாங்களாகவே எண்ணிக்கொண்டு, முன் நடந்தது போல அவசரப்பட்டு, மேற்படி மேஸ்திரியின் உத்தரவு இல்லாமல் ஒருவரும் இறங்கலாகாது என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’

எழுதி முடித்ததும் இரண்டு தடவை கண்ணால் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. காகிதத்தின் அகலத்துக்கு ‘இறங்கலாம்’ என்பதோடு ஒரு வரி முடிந்தது. ‘என்று’ அடுத்த வரியில் போய் நின்றது. அதை நான் கவனிக்கவே இல்லை.

ஷாப்பில் வேலை செய்த நூறு பேரில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர். நோட்டீஸைக் காலையில் மணி அடிப்பதற்கு முன் வாசலில் நின்று உரக்க வாசிக்க வேண்டியது ரைட்டரின் வேலை. என்னுடைய வேலை. கூச்சத்தினால் நான் அதைச் சாமுவேல் தலையில் கட்டியிருந்தேன். சாமுவேல் கடுக்காய் உலர்த்தும் களத்தில் இருந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். வேதக்கோயிலில் வசனம் வாசிக்கிறவர். கணீரென்ற குரல். ஆனால் இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குவார்.

அந்தத் திங்கட்கிழமை பனி. ஆட்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சாமுவேல் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னா ரைட்டரே, இது இங்கேர்ந்து வாணியம்பாடி வரிக்கும் போவுது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அலுவலகத்துக்குள் போய்விட்டேன். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

‘பலகை எடுத்தாகிவிட்டபடியால்’ என்பது வரைக்கும் அவர் இழுத்துப் பிடித்து வந்தார். “குழியில் இறங்கலாம்” என்றார். அங்கே வரியும் முடிந்தது, அவருடைய மூச்சும் முடிந்தது. இருமல் வந்தது. அந்தச் சமயத்தில் மணி அடித்துவிட்டார்கள்.

“மேஸ்திரிக்கு காத்துக்கினு இருக்கத் தேவல்லியாம்பா!” என்று முனுசாமி கத்தியது எனக்குக் கேட்டது. முனுசாமி குழி வேலைக்காரன், நல்ல திடகாத்திரமான ஆள். “மேனேஜருக்கு இப்பத்தான் புத்தி வந்துது. வாங்கடா, மத்தியானத்துக்குள்ள வூட்டுக்குப் போய்டலாம்.”

சாமுவேல் இருமி முடித்து, மீதியையும் வாசித்தார். அதுவும் எனக்குக் கேட்டது. அப்போது அவர் முன்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூவரும் களத்து ஆட்கள். குழிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. நான் ஜன்னலைத் திறந்து, “முனுசாமி, நில்லு” என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். மீதி வாசித்தாகிவிட்டதே, யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் கூச்சல். முனுசாமி இறங்கிய வேகத்தில் துணிபோல் மடிந்து விழுந்துவிட்டான். அடுத்தவன் இறங்கக் காலை வைத்தபோது காதர் மேஸ்திரி ஓடி வந்து அவனைப் பிடித்து இழுத்தார். பிறகு மேலேயிருந்தே கொக்கியை வீசி, முனுசாமியின் இடுப்புக் கயிற்றில் மாட்டி, ஆறு பேராக இழுத்து எடுத்தார்கள். மூச்சு இருந்தது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி குடித்தான். உயிர் தப்பியது, ஆனால் வாசனை அறியும் சக்தி போய்விட்டது. “தோல் ஷாப்புல மூக்கு செத்தவன் குடுத்து வெச்சவன்” என்று பின்னால் அவனே கேலி பேசினான். அவன் மனைவி பச்சையம்மா ஷாப்பு வாசலில் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எழுதன கை நல்லாருக்குதா?”

புதன்கிழமை மேனேஜர் விசாரணை வைத்தார். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம், சாமுவேல் இந்தப் பக்கம். நான் சுவரோரம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன்.

“வாசிச்சது நீதானே?”

“நான்தாங்க.”

“என்ன வாசிச்சே?”

“எழுதியிருந்ததத்தாங்க. கடைசி வரிக்கும் படிச்சேன். கேக்கறதுக்குத்தான் ஆளில்ல.”

மேனேஜர் நோட்டீஸைக் கையில் எடுத்துக் கண்ணால் ஓட்டினார். “ஒருவரும் இறங்கலாகாதுன்னு தெளிவா இருக்கே. பாதியில நிறுத்தி இருமினா யார் பொறுப்பு?” என்றார். “சனிக்கிழமையோட நின்னுக்கோ. ரைட்டர், எழுதிக்கோங்க. ‘நோட்டீஸ் தவறாக வாசிக்கப்பட்டது.’”

நான் எழுதிக்கொண்டேன். தம்பிகளே, என் கை அதை எழுதியது.

இழுப்புக்காரனை வேறு ஷாப்பில் சேர்க்க மாட்டார்கள். பட்டைத் தூளும் சுண்ணாம்பும் உள்ள இடத்தில் ஒருவன் இருமினால், ‘இவன் எத்தனை நாளைக்கு’ என்றுதான் பார்ப்பார்கள். சாமுவேல் வீட்டில் ஐந்து வாய். அது எனக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் சாமுவேல் என்னைத் திட்டவில்லை. “ரைட்டரே, அந்தக் கடுதாசிய ஒரே ஒரு தரம் வாயத் தொறந்து படிச்சுப் பாருங்க. உங்களுக்கு மாரு நல்லாத்தான இருக்குது? எங்க மூச்சு உட்றீங்கன்னு பாருங்க” என்றார்.

பட்டைக் கிடங்குக்குப் பின்னால் போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு உரக்க வாசித்தேன். முதல் தடவை ‘இறங்கலாம்’ என்ற இடத்தில் மூச்சு முட்டியது. இரண்டாம் தடவை மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அதே இடம். மூன்றாம் தடவை ‘என்று’ வரை போனேன். அதற்கே நெஞ்சு அடைத்தது. நான் எழுதியதில் ‘கூடாது’ என்ற விஷயம் வாக்கியத்தின் கடைசி முனையில் ஒளிந்திருந்தது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் போகச் சொல்வது போலவே காதில் விழுந்தது. நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். அது வரும்வரை கேட்கிறவன் காத்திருக்க வேண்டும். குளிரில் நிற்கிறவன், மணி அடித்துவிட்டவன், எத்தனை நேரம் காத்திருப்பான்?

இதை மேனேஜரிடம் சொல்ல வேண்டும். வியாழன் போனது, வெள்ளி போனது. இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். சனிக்கிழமை காலையில் ஒரு கடிதம் எழுதி அவர் மேஜையில் வைத்தேன். அதிலும் அதே தவறைச் செய்தேன் என்றால் நம்புவீர்களா? இப்படித் தொடங்கினேன்:

‘நோட்டீஸைத் தவறாக வாசித்ததன் பேரில் சாமுவேல் என்பவரை வேலையிலிருந்து நிறுத்துவதென்று தாங்கள் எடுத்திருக்கும் முடிவு நியாயமானதே என்று மேலெழுந்தவாரியாகப் பார்க்கையில் தோன்றக்கூடுமாயினும்…’

இப்படியே பக்கம் முழுக்கப் போயிற்று. பயந்தவன் எழுதினால் வாக்கியம் நீளும். இது என் அனுபவம். சொல்ல வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போவான்.

சென்னையிலிருந்த முதலாளியைப் பார்க்க மேனேஜர் அன்று பத்து மணி ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கடிதத்தை எடுத்து இரண்டு வரி பார்த்தார். “நியாயமானதேன்னு ரைட்டரே எழுதிட்டார். நல்லதாப் போச்சு. முதலாளிகிட்ட காட்டிடறேன்” என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறிவிட்டார்.

ஜட்கா தெரு முனை திரும்பியது. அதன் பிறகுதான் என் கால் நகர்ந்தது. செருப்பு கூட இல்லாமல் கடைத்தெரு வழியாக ஓடினேன். “இன்னா ரைட்டருக்கு ஆச்சு?” என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். பதினைந்து வருஷமாகச் சுவரோரமாக நடந்து போகிற மனிதன் நடுத்தெருவில் ஓடினால் கேட்கத்தானே செய்வார்கள்?

நல்ல வேளையாக ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டிக்காக ஜட்காவும் மாட்டு வண்டிகளும் நின்றன. நான் ஜட்காவின் பின்படியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஐயா, தாங்கள் எடுத்திருக்கும் முடிவைக் குறித்து நான் எழுதியிருக்கும் விஷயம் என்னவென்றால், அதில் முதலில் குறிப்பிட்டுள்ளபடி…”

வாயும் பத்திரம்போல்தான் பேசியது. சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டி கடந்துகொண்டிருந்தது. ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்து, “யோவ், இன்னா பேஜாரு பண்ற? கேட்டு தொறக்கப் போறான். சொல்றத சட்டுனு சொல்லு” என்றார்.

சொல்லிவிட்டேன்.

“தப்பு என்னுது. சாமுவேல் சரியாத்தான் படிச்சாரு. அவர நிறுத்தாதீங்க.”

சுற்றி நின்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்போ காகிதத்துல நியாயம்னு எழுதியிருக்கே?”

“அதுக்கப்பறம் இன்னும் பதினோரு வரி இருக்குதுங்க.”

அவர் பையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். கேட் திறந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் கத்தினார்கள். ஜட்காவை ஓரமாக விடச் சொல்லிவிட்டு உதடு அசைய வாசித்தார். நடுவில் வழி தவறித் திரும்ப மேலே போனார். கடைசிக்கு வந்ததும் கேட்டார்.

“இவ்வளவு எழுதியிருக்கீங்க. இதுல ‘நான்’னு ஒரு வார்த்தையே இல்லையே ரைட்டரே?”

‘அவ்விதமாக எழுதப்பட்டுவிட்டபடியால்’ என்று எழுதியிருந்தேன். யாரால் எழுதப்பட்டது என்று எழுதவில்லை.

கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார். ஒரு பென்சிலும் கொடுத்தார். கேட்டில் சொன்ன மூன்று வாக்கியத்தையும் ஜட்காவின் பலகை மேல் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கிக்கொண்டார். அவருக்கு ரயில் கிடைத்ததா என்று நின்று பார்க்கவில்லை. திரும்பி வரும்போதுதான் காலில் கல் குத்தியது தெரிந்தது.

சாமுவேலுக்கு வேலை நிலைத்தது. எனக்குக் கண்டிப்பு ஓலை வந்தது. ஆனால் சாமுவேல் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றுவிட்டார். “வேலை செய்யறேன். நோட்டீஸ் மட்டும் இனிமே என் வாயால வராது. எழுதறவரே படிக்கட்டும்” என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டார். மேனேஜரும் சரி என்றார்.

அதற்குள் எனக்கு வேறு பைத்தியம் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் வெட்டி வெட்டி எழுத ஆரம்பித்தேன். பேரணாம்பட்டில் எங்களுக்குப் பதனிடாத பச்சைத் தோல் அனுப்புகிற ஒரு பெரியவருக்கு, ‘தோல் வந்தது. உப்புக் கம்மி. இனி இப்படி அனுப்பாதீர்’ என்று எழுதிவிட்டேன். அவர் மறுநாள் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். “நான் உங்க ஷாப்புக்கு இன்னா துரோகம் பண்ணேன்? நாய விரட்ற மாதிரி எழுதியிருக்கீங்களே!” என்று கண் கலங்க நின்றார். அவரைச் சமாதானப்படுத்த மேஸ்திரிக்கு இரண்டு டீ செலவானது. அவருக்கு நான் இரண்டு வரி குசலம் விசாரித்திருக்க வேண்டும். அவர் வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவர். அவரிடம் மூச்சும் உண்டு, நேரமும் உண்டு. குட்டையாக எழுதினால் போதும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வரவில்லை. வாசிக்கப் போகிறவன் எங்கே நிற்கிறான், உட்கார்ந்திருக்கிறானா, மணி அடிக்கப் போகிறதா, மாரில் எவ்வளவு மூச்சு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மூச்சு முடியும் இடத்தில் வாக்கியமும் முடிந்திருக்க வேண்டும். அங்கே நின்றுவிட்டால்கூட ஆளுக்கு ஆபத்து வரக் கூடாது.

அடுத்த குழித் திங்கட்கிழமை வந்தது. முனுசாமி அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தான், உடம்பு பாதியாக. நான் வாசலில் காகிதத்தோடு நின்றேன். நூறு பேர். களத்து ஆட்களோடு பின்னால் நின்ற சாமுவேல் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்தேன்.

“குழியில் இறங்காதே. பலகை எடுத்தாலும் இறங்காதே. மேஸ்திரி விளக்கு இறக்கிப் பார்ப்பார். விளக்கு எரிந்தால் அவர் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகு இறங்கு.”

“சத்தமே வர்ல” என்று யாரோ சொன்னார்கள். இன்னொரு தடவை வாசித்தேன். மணி அடித்தது. ஆட்கள் கலைந்தார்கள். முனுசாமி மட்டும் போகவில்லை. எனக்கு நேர் எதிரில் வந்து நின்று, என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அவ்ளோதானா?” என்றான்.

“அவ்ளோதான், முனுசாமி.”

“அதுக்கப்பறம் ஒண்ணும் இல்லியே?”

“இல்ல.”

அவன் நகரவில்லை. அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நான் காகிதத்தை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைத் திருப்பி, எழுதாத வெள்ளைப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்தான். பிறகு திரும்பக் கொடுத்துவிட்டுக் குழிக்கரைக்குப் போய், மேஸ்திரிக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.